சொகுசு யாட்டில் சமையல் வேலைக்கு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார், கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி.

கேட்டரிங் முடித்துவிட்டு காரைக்குடியில் சும்மா இருப்பதாகவும், மத்தியதரைக் கடலில் யாட், அதாவது பணக்காரர்களின் உல்லாசப் படகில் வேலை என்று ஒருவர் ஆசை காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எம்எல்சி 2006 என்ற கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி, வேலை வாங்கித் தருவதற்காக நம்மிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. இந்தியாவும் 2015லேயே அதில் சேர்ந்துவிட்டது. மெடிக்கல், சிடிசி என்ற கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் இதெல்லாம் நம் செலவு, விசா செலவு படகு முதலாளியுடையது. நானும் முதல் தடவை ஒருத்தரிடம் 80 ஆயிரம் விட்டவன்தான். அம்மாவின் சங்கிலி இரண்டு வருஷம் அடகுக் கடையில் கிடந்தது.

எஸ்டிசிடபிள்யூ என்ற, கப்பலில் வேலை செய்பவர்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்குச் செலவு செய்யுங்கள், அது வீண் போகாது. தீயணைப்பு, முதலுதவி, கடலில் விழுந்தால் தாக்குப்பிடிப்பது எல்லாம் அதில் வரும். ஆனால் ஒன்று, நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நேராக யாட்டில் நுழைவது கஷ்டம். மற்ற நாட்டுப் பையன்கள் பிரான்ஸில் ஆன்டிப் துறைமுகத்தில் படகு படகாக ஏறி இறங்கி வேலை கேட்பார்கள், நமக்கு அங்கே போய் நிற்கவே விசா வேண்டும். நான் மூன்று வருஷம் க்ரூஸ் கப்பல் கிச்சனில் வெங்காயம் உரித்த பிறகுதான் யாட்டுக்குப் போனேன்.

வேலை எப்படி என்றால், எங்கள் அப்பா தேவகோட்டைப் பக்கம் கல்யாணச் சமையல் மாஸ்டர், கிட்டத்தட்ட அதேதான், அடுப்பு மட்டும் ஆடும். சார்ட்டர் என்பது யாட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவது. விருந்தாளிகள் பொதுவாக 12 பேர் வரைதான், அதைத் தாண்டினால் பயணிக் கப்பல் சட்டம் வந்துவிடும். வாடகை தவிர, வாடகையில் சுமார் 30 சதவீத அளவுக்குத் தனியாக ஏபிஏ என்று செலவுக்கு முன்பணம் கொடுப்பார்கள். சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். கேப்டன் ஒவ்வொரு ரசீதையும் வைத்துக் கணக்குக் கொடுத்து மிச்சத்தைத் திருப்ப வேண்டும். அப்பா கல்யாண வீட்டு ஆச்சியிடம் மளிகைக் கணக்கு ஒப்படைத்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிசாகத் தெரியவில்லை, கேப்டனைவிட ஆச்சி கறார்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே யாருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று ஒரு தாள் வந்துவிடும். சமையல்காரனுக்கு அதுதான் வேதம். ஒரு நாள் படகு ஆட்களுக்குச் சுக்கா போடலாமே என்று மிளகாயும் கல்பாசியும் வறுத்தேன். புகைப்போக்கி எந்தப் பக்கம் திறக்கிறது என்று யோசிக்கவில்லை. பின்தளத்தில் ஒயின் குடித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் இரும ஆரம்பித்தார்கள். விருந்தாளிகளைக் கவனிக்கும் பணிப்பெண்களின் தலைவி சீஃப் ஸ்டூவர்டஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதோடு என் கல்பாசி டப்பா பூட்டுக்குள் போய்விட்டது.

24 மணி நேரத்தில் 10 மணி ஓய்வு என்பது விதி. மே முதல் செப்டம்பர் வரை சீசனில் அந்தப் பத்தும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதுவும் இரண்டு பேர் படுக்கும் தீப்பெட்டி அறையில். டிப்ஸ் நன்றாக வரும், அதை நம்பி வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்த ஏஜென்டிடம் ஆர்பிஎஸ்எல், அதாவது கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க அரசு கொடுக்கும் லைசென்ஸ், அதன் நம்பர் கேளுங்கள். மத்திய அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்ட பிறகும் உங்கள் போனை எடுக்கிறாரா என்று இங்கே வந்து சொல்லுங்கள்.