இரட்டைப்படைப் பக்கங்களில் ஓரம் இடம் மாறுகிறது, அட்டவணை நடுவில் நிற்கவில்லை

வணக்கம் நண்பரே. கட்டளைகள் எழுதி ஆவணங்களை வடிவமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளில், இடது ஓரம் 4 செ.மீ., வலது 2.5 செ.மீ. என்று ஓரங்களை அமைக்கும் ஜியாமெட்ரி பொதியில் கொடுத்தும், 2, 4, 6 ஆம் பக்கங்களில் இரண்டும் இடம் மாறி வருவதாக எழுதியிருந்தீர்கள். லேடெக்ஸ் செய்தது சரிதான். நீங்கள் எடுத்திருப்பது புக் வகுப்பு, அதாவது புத்தகத்துக்கான ஆவண வகை. தாளின் இருபுறமும் அச்சிடுவீர்கள் என்று அது தானாகவே வைத்துக்கொள்ளும். அதனால் இடது என்பதை 'தையல் பக்கம்' என்று புரிந்துகொள்கிறது; இரட்டைப்படைப் பக்கங்களில் அது வலப்புறம் வரும். ஒருபுறம் மட்டும் அச்சிடப் போகிறீர்கள் என்றால் ஆவண வகுப்பு வரியில் ஒன்சைடு (oneside) என்று சேர்த்தால் போதும். அதே வரியில் ஏ4 தாளையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது அட்டவணை. ஏ4 அகலம் 21 செ.மீ. ஓரங்கள் போக எழுத்துக்கு 14.5தான் மிச்சம். உங்கள் அட்டவணையோ 16. நடுவில் வைக்கும் சென்டரிங் கட்டளை பக்கவாட்டு இடைவெளியை நீட்டுமே தவிர, பூஜ்யத்துக்குக் கீழே சுருக்காது. அதனால் அட்டவணை இடது ஓரத்தில் தொடங்கி, மிச்சம் 1.5 செ.மீ. முழுக்க வலப்பக்கம் துருத்துகிறது. எழுத்தகலம் கொண்ட ஒரு மேக்பாக்ஸ் (makebox) பெட்டிக்குள், நடு என்று குறித்து, அதை வையுங்கள். இருபுறமும் முக்கால் சென்டிமீட்டர் சமமாக வெளியே போகும். எழுத்தைச் சிறிதாக்கித் திணிப்பது எனக்குப் பிடிக்காது, படிக்கவே முடியாது.

அப்புறம், தேற்றத் தலைப்பும் நடுவுக்கு வரவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் வேறு. சென்டரிங் கட்டளையை நெளி அடைப்புக்குள் போட்டால், அந்த அடைப்பை மூடுவதற்கு முன் பத்தி முடியவேண்டும். அங்கே ஒரு வெற்று வரி விட்டுப் பாருங்கள். நானும் இதில் ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன்தான்.