பி.எஸ்சி. படிக்கும்போதே பி.பி.ஏ.: இரண்டு பட்டமும் செல்லுமா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் நேரடி வகுப்பில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். கூடவே தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. சேர்ந்தால் ‘டூயல் டிகிரி’ கிடைக்கும் என்றும், கூடுதல் பணம் கட்டினால் முந்தைய ஆண்டில் சேர்ந்ததாகக் காட்டி விரைவில் முடித்துத் தருவதாகவும் ‘ஸ்டடி சென்டர்’ ஒன்றில் கூறுகிறார்கள். இரண்டு பட்டமும் செல்லுமா? அசல் மாற்றுச் சான்றிதழ் கல்லூரியில் இருக்கிறதே, என்ன செய்வது?

பதில்: முறையாகச் சேர்ந்து படித்தால் இரண்டும் செல்லும். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு பட்டத்தை நேரடி வகுப்பிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ ஒரே காலத்தில் படிக்கலாம். ஆனால் இதற்கு ‘டூயல் டிகிரி’ என்று பெயர் சூட்டுவது விற்பனைத் தந்திரம். டூயல் டிகிரி என்பது இரண்டு பட்டங்களையும் சேர்த்தே வடிவமைத்த படிப்பு. உங்கள் மகள் பெறப்போவதோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தனிப் பட்டங்கள். ஆகவே இரண்டுக்கும் உரிய தாள்களை அவர் தனித்தனியாகவே எழுதித் தேற வேண்டியிருக்கும்.

அந்த ஸ்டடி சென்டர் பக்கம் இனிப் போகாதீர்கள். தொலைநிலைப் படிப்பைத் தனியாருக்குக் குத்தகை விடுவதுபோல் நடத்த யு.ஜி.சி. விதிகள் இடம் தரவில்லை. மேலும், பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருப்பது மட்டும் போதாது. உங்கள் மகள் சேரும் பருவத்தில், அந்தக் குறிப்பிட்ட படிப்பை, தொலைநிலையில் நடத்த அதற்கு அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் (டி.இ.பி.) இணையதளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேர, மாணவர் தம் ஏ.பி.சி. கணக்கின் (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கு) துணையுடன் டி.இ.பி. அடையாள எண் பெறுவது கட்டாயம். அதை அவரே பெற வேண்டும், இடைத்தரகரிடம் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது. கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகவே செலுத்துங்கள். பின்தேதியிட்ட சேர்க்கை என்பது வெறும் போலி ஆவணம். அது பிடிபடும் நாளில் அதை விற்றவர் கடையைக் காலி செய்திருப்பார், பதில் சொல்ல உங்கள் மகள்தான் நிற்பார்.

மாற்றுச் சான்றிதழ் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அறிவித்தவர்கள், ஒரே ஒரு அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் எப்படிச் சேர்வது என்பதைச் சொல்லாமல், நடைமுறையைப் பல்கலைக்கழகங்களே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். விளைவு, ஓரிடத்தில் நகலும் கல்லூரியின் படிப்புச் சான்றிதழும் போதும் என்கிறார்கள். வேறோர் இடத்தில் அசல் இல்லாமல் விண்ணப்பத்தையே தொட மறுக்கிறார்கள். ஆண்டுகள் கடந்தும் இதற்கு ஒரு பொதுவான படிவம்கூட வரவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே, அசல் மாற்றுச் சான்றிதழ் தேவையா என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியிலும் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பழைய விதியைக் காட்டிப் பயமுறுத்துவதும் இந்தத் தரகர்களின் வழக்கம். 2022 வழிகாட்டுதலில், அதற்கு முன் ஒரே காலத்தில் படித்தவர்கள் பின்னோக்கிப் பயன் கோர முடியாது என்று இருந்தது. 2025 ஜூனில் யு.ஜி.சி. அதைத் திருத்தி, முன்பு அவ்வாறு பெற்ற பட்டங்களும், அப்போதைய விதிகளின்படி உரிய அங்கீகாரத்துடன் படித்திருந்தால் செல்லும் என்றது. எனவே, உங்கள் குடும்பத்தில் அக்காலத்தில் இரண்டு பட்டம் பெற்றவர் யாரேனும் இருந்தால், அதை ‘முறைப்படுத்தித் தருகிறேன்’ என்று எவர் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

தேர்வு நாட்கள் மோதுவதுதான் உங்கள் மகளுக்கு நடைமுறையில் வரக்கூடிய பெரிய தொல்லை. வேதியியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. மோதினால் தேர்வு நாளை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை எதையும் அந்த வழிகாட்டுதல் மாணவருக்குத் தரவில்லை. இரண்டு இடங்களின் கடந்த ஆண்டுத் தேர்வு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.