கப்பல் கூலி தீர்மானித்த காகிதம்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் புத்தகங்களின் தாள் எஸ்பார்ட்டோ என்ற புல்லில் செய்தது என்கிறார்கள். இந்தியாவையே ஆண்டவர்கள் நம் மூங்கிலை விட்டு ஸ்பெயினுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனது ஏன்? புல்லில் எப்படிக் காகிதம் வரும்?
– வாசகர், சிவகாசி

பதில்: முதல் காரணம் கப்பல் கூலி. 1850-களில் பிரிட்டனில், அப்போது காகிதத்துக்கு மூலப்பொருளாக இருந்த கந்தல் துணிக்குக் கடும் தட்டுப்பாடு. ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஐன்ஷம் ஆலையை நடத்திய தாமஸ் ரவுட்லெட்ஜ் 1856-இல் எஸ்பார்ட்டோவில் காகிதக் கூழ் செய்யும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 1861-இல் காகித வரி ஒழிந்ததும் தேவை இன்னும் ஏறியது. மத்தியதரைக் கடலுக்கு நிலக்கரி கொண்டுபோன கப்பல்கள் காலியாகத் திரும்புவதற்குப் பதில் புல் பேல்களை மலிவாக ஏற்றி வந்தன. அல்ஜீரியா பிரான்ஸின் கையில் இருந்தும் அந்தப் புல்லில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது பிரிட்டனுக்கே.

இந்தப் புல்லை அறுப்பதில்லை. ஒரு கொத்தைக் குச்சியில் சுற்றி இழுத்துப் பிடுங்குவார்கள். வேரோடு வந்தால் தூர் அழியும். ஆலையிலும் வம்பு: வேர்த்துண்டு வேகாமல் தாளில் புள்ளியாக நிற்கும். அதனால்தான் தூசி தட்டிய புல்லை மேசையில் பரப்பிப் பெண்கள் வேரைப் பொறுக்கினார்கள். பிறகு 100 கிலோவுக்குச் சுமார் 15 கிலோ காஸ்டிக் சோடா சேர்த்து நீராவி அழுத்தத்தில் சில மணி நேரம் வேகவைப்பார்கள். சோடா குறைந்தால் கூழ் அரைவேக்காடு. பிளீச்சிங் பவுடர் கூடுதலாகக் கொட்டியும் சரியாக வெளுக்காது. ஒரு டன் காகிதத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல் புல் வேண்டும்.

நார் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். தாளுக்கு உறுதி போதாது. மரக்கூழோ கந்தல் கூழோ கலப்பார்கள். ஆனால் மை சீராகப் படியும், பின்பக்க எழுத்து தெரியாது. ஈரத்தில் அதிகம் நீளாததால் பல வண்ண அச்சில் ரிஜிஸ்டர், அதாவது ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்துவது, விலகாது. உங்கள் ஊரில் இதன் அருமை சொல்லாமலே புரியும்!

வேகவைத்த கறுப்பு நீரை ஸ்காட்லாந்தில் எஸ்க் ஆற்றில் விட்டு, 1866-இல் பக்ளூ பிரபு போட்ட வழக்கில் ஆலைகள் தோற்றன. அந்த நீரைச் சுண்டக் காய்ச்சி எரித்து, சாம்பலைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் காஸ்டிக் சோடா திரும்பக் கிடைக்கும்.

மூங்கிலையும் அவர்கள் மறக்கவில்லை. 1875-இல் அதே ரவுட்லெட்ஜ் இளங்குருத்துகளைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். ஆனால் ஆண்டுதோறும் குருத்தை வெட்டினால் புதர் பட்டுப்போகும். முற்றிய மூங்கிலிலோ கணு வேகாது. உள்ளே பொள்ளல் என்பதால் கப்பலில் இடத்தையும் அடைக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்லியம் ரெய்ட், கணுவோடு நசுக்கி இரண்டு கட்டமாக வேகவைத்தார்: முதலில் மாவுச்சத்து கழியும், அடுத்து நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின். 1925-இல் மூங்கில் காகிதத் தொழிலுக்கென, இறக்குமதிக் காகிதத்துக்கு வரி போடும் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அதன் பலன் இந்திய ஆலைகளுக்கு.