கைவேலைக் கேள்வி பதில்: கைக்கு ஏற்ற தூண்டில் பிடி

மாரி ஓய்ந்து குளங்கள் வான்பாய்ந்து அடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி தூண்டிலைப் பற்றியே இருக்கும். மறுபாதி ஆடுகிற கதிரைக் கால்களைப் பற்றி. கதிரைகள் இம்மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஏழடி பைபர் தூண்டில் ஒன்று வாங்கினேன். இரணைமடுவில் ஒரு மணித்தியாலம் வீசினால் உள்ளங்கை எரிகிறது, சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. பிடியில் இருக்கும் கறுப்பு நுரை கடினமாக இருப்பதுதான் காரணமா? இதைவிட மெத்தென்ற நுரை எங்கே வாங்கலாம்?
— வட்டக்கச்சி வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் வயதை எழுதவில்லை. ஏழடிக் கம்பை ஒரு மணித்தியாலம் விடாமல் வீசுகிறவரைத் தம்பி என்று அழைத்தால் தவறிருக்காது. கடைக்கு ஓடுவதற்கு முன் பிடியின் பருமனைப் பாருங்கள். கையை நோகச் செய்வது பெரும்பாலும் பிடியின் கடினமல்ல, அதன் மெலிவு. மெலிந்த பிடி கைக்குள் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் வைத்திருக்க, நமக்கே தெரியாமல் விரல்களை இறுக்குவோம். அந்த இறுக்கம்தான் முழங்கைவரை ஏறி நோகிறது. மண்வெட்டியின் முதிரைப் பிடியில் மெத்தை எங்கே இருக்கிறது? வரம்பு கட்டுகிறவர் என்னிடம் ஒருநாளும் மெத்தை கேட்டதில்லை. பருமன் கைக்குப் பொருந்தாவிட்டால் மட்டும் சீவித் தரச் சொல்வார். மெத்தென்ற நுரை இன்னொரு வகையிலும் ஏமாற்றும்: கை அதற்குள் புதையும், கம்பு அசையும், நீங்கள் மேலும் இறுக்குவீர்கள்.

உங்கள் கைக்கு எந்தப் பருமன் சரி என்பதைக் கண்டுபிடிக்கக் காசு செலவாகாது. பழைய பத்திரிகைத் தாளை நீளவாக்கில் மடித்துப் பிடியின்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். அதன்மேல் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றி இரு முனையிலும் றப்பர் வளையம் போடுங்கள். பிடித்துப் பார்த்தால் நடுவிரல் நுனி கட்டைவிரலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் பிடி மெலிவு. இரண்டு விரலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் தடிப்பு. வளர்ந்த ஒருவரின் கைக்கு இது அநேகமாக 30 முதல் 40 மில்லிமீற்றருக்குள் எங்காவது வந்து நிற்கும். அந்தத் தாள் பிடியுடனேயே ஒரு மாலை முழுதும் வீசிப் பாருங்கள். கூடினால் ஒரு சுற்றைக் கழற்றுங்கள், குறைந்தால் ஒரு சுற்றைச் சேருங்கள். கை சரி என்று சொன்ன பிறகு ஒரு நூலைச் சுற்றி அளவெடுத்து எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் பசை, கத்தி எல்லாம்.

இனி மரத்துப்போகும் விரல்கள். நீங்கள் சின்னவிரல், மோதிரவிரல் என்று பிரித்து எழுதியது நல்லது. அந்த இரண்டுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் அடியில், சின்னவிரல் பக்கத்து மேட்டினூடாகச் செல்கிறது. கம்பின் அடிமூடி அந்த மேட்டில்தான் அழுந்துகிறது என்று நினைக்கிறேன். கையை நாலு விரற்கடை முன்னே நகர்த்திப் பிடித்துப் பாருங்கள். மரப்பு நின்றுவிட்டால் விளிம்புள்ள அடிமூடியைக் கழற்றிவிட்டு உருண்டையான றப்பர் மூடி போடுங்கள். கதிரைக் காலுக்குப் போடும் மூடிகூடப் பொருந்தும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே போகும் வேறு நரம்பு. மணிக்கட்டை மடித்து வீசுவதால் வரும். எந்த விரலானாலும் இரவில் தூக்கத்திலும் மரத்துப்போகிறது என்றால் எனக்கு எழுத வேண்டாம், வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். றீலைப் பூட்டிய கம்பை, றீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பிடியுங்கள். நுனி சடாரென்று கீழே சாய்ந்தால், நீங்கள் வீசும் நேரமெல்லாம் உங்கள் மணிக்கட்டு அந்த நுனியைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடிமூடியைக் கழற்றி, வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளில் சிலவற்றைத் துணியில் சுற்றி உள்ளே திணித்தால் சமநிலை பின்னுக்கு வரும். ஒவ்வொன்றாகச் சேருங்கள். கம்பு கலப்பையாகிவிடக் கூடாது.

கேள்வி: பிடியைத் தடிப்பாக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பழைய நுரையைக் கழற்றாமல் மேலேயே ஏதாவது போடலாமா? சைக்கிள் ரியூப் சுற்றினால் நிற்குமா?
— முள்ளியவளை வாசகர்

பதில்: நிற்கும். குறுக்கே வெட்டிய ரியூப் வளையங்கள் வேண்டாம். ரியூபை நீளவாக்கில் ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டி, இழுத்து, பாதி மேல் பாதி ஏறும்படி சுற்றுங்கள். ஆனால் வெயிலில் கிடந்தால் ரியூப் பிசுபிசுக்கும், கையில் கறுப்பு ஒட்டும். அவசரத்துக்கு நல்லது, நிரந்தரத்துக்கு அல்ல.

என்னிடம் கேட்டால் கிரிக்கெட் மட்டையின் றப்பர் உறை என்பேன். விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பெனியன் கையைச் சுருட்டுவதுபோல உறையைத் தன்மேலேயே சுருட்டி, உள்ளே குழந்தைப் பவுடர் தூவி, கம்பின் அடியிலிருந்து உருட்டி ஏற்றுங்கள். மெலிந்த கம்பில் அது தொளதொளவென்று நிற்கும், ஆகவே முதலில் வலை பின்னும் நைலோன் நூலைச் சுற்றித் தேவையான பருமனுக்குக் கொண்டுவாருங்கள். நூல் சுற்றும்போது கடைசி முனையை முடிச்சுப் போட்டு நிறுத்தாதீர்கள், முடிச்சு கையில் குத்தும். கடைசி எட்டு, பத்துச் சுற்றுக்கு முன் ஒரு தங்கூசித் துண்டை மடித்து, மடிப்பு வெளியே தெரியும்படி வைத்து அதன்மேல் சுற்றுங்கள். முடிவில் நூல் முனையை அந்த மடிப்புக்குள் கோத்துத் தங்கூசியின் இரு வாலையும் இழுத்தால் முனை சுற்றுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். இழுக்கும்போது ஒரு சின்னக் கிறீச்சொலி வரும். அந்த ஒலி வந்தால் சுற்று இறுகிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த உறை எல்லாம் அடியிலிருந்து றீல் பூட்டும் இடம்வரைதான் ஏறும். அதற்கு மேலே இருக்கும் முன்பிடிக்குப் போக முடியாது. மேலிருந்து இறக்கலாம் என்றால் நூல்போகும் வளையங்கள் மறிக்கும். முன்பிடிக்குச் சுற்றுவது ஒன்றே வழி. பாட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் நாடா அங்கே அழகாக உட்காரும். முல்லைத்தீவுக் கடற்கரையில் வீசுகிறீர்கள் என்றால் பருத்தித் துணி மட்டும் வேண்டாம். அது உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உலோகப் பூட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: பழைய றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிப் பிடி செய்யலாம் என்கிறார்கள். உண்மையா?
— மல்லாவி வாசகர்

பதில்: உண்மை. வலைக்கு மிதப்பாகப் போகும் செருப்பு தூண்டிலுக்கு ஆகாதா? கடையில் விற்கும் தூண்டில் நுரையும் இன்றைய பல செருப்புகளின் அடியும் ஒரே வகைப் பொருள்தான். வட்டங்களின் நடுத்துளை கம்பைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சிறிதாக இருக்கட்டும். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் இழுபட்டு ஏறும். தண்ணீர் காய்ந்த பிறகு கவ்விக்கொள்ளும். குதிக்கால் பட்டுத் தேய்ந்த பகுதியை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஏற்றி, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தபின், கரடுமுரடான அரத்தாளைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கம்பைச் சுழற்றுங்கள். உருண்டுவிடும். பழைய பிடியைச் சுரண்டும்போது அடியில் இருக்கும் பைபரைச் சுரண்டிவிட வேண்டாம். அது பைபர் படகு செய்யும் அதே கண்ணாடி நார். படகு திருத்துகிறவரிடம் கேட்டால் அந்தத் தூள் தோலில் எப்படி அரிக்கும் என்று சொல்வார். சுரண்டியே ஆகவேண்டும் என்றால் ஈரமாக்கிச் சுரண்டுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. எறிகணையில் போனது. முன்பு கைநூலில்தான் பிடித்தேன். மகன் இப்போது றீல் தூண்டில் ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். பிடி கையில் நிற்கவில்லை, மகனிடம் சொல்லவும் மனமில்லை.
— முழங்காவில் வாசகர்

பதில்: ஐயா, மகனிடம் சொல்லுங்கள். இதற்கு இரண்டு கை கூட வேண்டும், அவருக்கும் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி: கம்பை இடக்கையில் பிடித்தால் என்ன? உங்கள் றீலின் கைபிடியைக் கழற்றி மறுபக்கம் பூட்டலாம். முகம் திறந்த றீல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. சுற்றுவதற்குக் கட்டைவிரலும் மிச்ச இரண்டு விரலும் போதும். கைபிடியின் குமிழ் சிறிதாக இருந்தால் ஒரு தக்கையைத் துளைத்து அதன்மேல் ஏற்றிவிடுங்கள்.

வலக்கையில்தான் பிடிக்க வேண்டும் என்றால் பிடியை உருண்டையாகச் செய்யாதீர்கள். விரல் இல்லாத இடத்தில் பிடி வெறுமையாக நின்றுதான் சுழல்கிறது. மகனிடம் சொல்லிப் பிடியின்மேல் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் குழைத்த குளத்துக் களியை அப்பச் சொல்லுங்கள். நீங்கள் வீசும்போது பிடிப்பதுபோல ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். மோதிரவிரலும் சின்னவிரலும் பதிந்த பள்ளம் தெரியும்; அவற்றுக்கு மேலே, இல்லாத விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் களி பிதுங்கி மேடாக நிற்கும். அந்த மேடுதான் உங்களுக்கு வேண்டியது. களி காய்வதற்குள் அதைப் பார்த்துப் பார்த்துச் செருப்பு நுரையில் அதே மேட்டைச் செதுக்கி ஒட்டி, மேலே நாடா சுற்றினால் பிடி கைக்குள் சுழலாது. கடையில் இப்படி ஒன்று கிடைக்காது, ஏனென்றால் இது உங்கள் கைக்கு மட்டுமே பொருந்தும்.

வீசும்போது நூலைத் தடுத்துப் பிடிப்பது சுட்டுவிரலின் வேலை. அதை மறுகையின் விரலால் செய்து பழகலாம். பழக்கம் வரவில்லை என்றால், முகம் மூடிய, பின்னால் பொத்தான் உள்ள றீல் ஒன்று இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தி, வீசும்போது விட்டால் போதும்.

பாரம் மணிக்கட்டில் ஏறாமலிருக்க இன்னொரு வழி, கம்பின் அடியை முன்னங்கையோடு ஒரு வாரால் சேர்ப்பது. பழைய புத்தகப்பையின் தோள்வார் நல்லது. ஆனால் கொழுவியோ முடிச்சோ வேண்டாம். சர்ரென்று பிரியும் ஒட்டுநாடாதான் வேண்டும். கொடுவா இழுத்துக் கால் வழுக்கினால் கம்பு தனியே போகட்டும், நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த தூண்டிலின் தக்கைப் பிடியில் குழிகள் விழுந்து உதிர்கிறது. நுரையாக மாற்றிவிடலாமா?
— புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: மாற்றாதீர்கள், தங்கச்சி. அந்தத் தக்கை ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகில் அதிகமாகத் தருவது போர்த்துக்கல். ஒருமுறை உரித்தால் மறுமுறை உரிக்க ஏறத்தாழ 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நனைந்தாலும் வழுக்காது, வெயிலில் சுடாது, பாரமுமில்லை. முதலில் சவர்க்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். ஒரு போத்தல் தக்கையை அரத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, தண்ணீருக்குக் கரையாத தச்சுப் பசையில் குழைத்துக் குழிகளில் அப்புங்கள். மறுநாள் மெல்லிய அரத்தாளால் ஒரு தேய்ப்பு. வார்னிஷ் பூசுகிறவர்கள் உண்டு, பூசினால் வழுக்கும்.

கேள்வி: நான் குளத்தில் திலாப்பியா பிடிப்பது மூங்கில் தடியில்தான். றீல் எல்லாம் இல்லை. கணு கையைக் கிழிக்கிறது.
— வவுனிக்குளத்திலிருந்து ஒரு தாயார்

பதில்: அம்மா, கணுவைக் கத்தியால் சீவ வேண்டாம், நார் எழும்பி இன்னும் கிழிக்கும். அரத்தால் ராவி, கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கை பிடிக்கும் இடம் இரண்டு கணுவுக்கு நடுவே வரும்படி அடியை வெட்டினால் அந்த வேலையும் மிச்சம்.

கேள்வி: காபன் பைபர் தூண்டில் மின்சாரத்தைக் கடத்துமாமே? றப்பர்ப் பிடி போட்டால் பயமில்லைதானே?
— மாங்குளம் மாணவர்

பதில்: கடத்தும். றப்பர்ப் பிடியை நம்ப வேண்டாம். மின்கம்பிக்கு அடியில் கம்பைத் தூக்கி வீசாதீர்கள். ஐப்பசி மாத மத்தியானங்களில் இடி முழங்கினால் கம்பைத் தரையில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள், ஒற்றைப் பனைக்கு அடியில் நிற்காதீர்கள்.

கேள்வி: பாலை மரத்தில் கடைந்த பிடி போட்டால் பார்வையாக இருக்கும் அல்லவா?
— ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: பார்வையாக இருக்கும். பாலைத் துண்டைத் தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு பாரம். அந்தப் பாரத்தை மணிக்கட்டு சுமக்க வேண்டும். மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அடியில் இரண்டங்குலக் குமிழ் மட்டும் பாலையில் கடைந்து, மேலே தக்கையோ நுரையோ போடுங்கள். நுனி சாயும் கம்பானால் ஈயக்குண்டின் வேலையை அந்தக் குமிழே பார்த்துவிடும்.