நஞ்சையை விற்கும் முன் ஒரு கேள்வி

சென்ற வாரம் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டுத் தம் மகளுடன் வந்திருந்தார். அவளுடைய நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று பெரியப்பா முடிவே சொல்லிவிட்டாராம். நானும் வழக்கம்போல் ஆறுதலாகத்தான் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் அதை நிறுத்திவிட்டு நேராகவே சொன்னேன்.

ஐயா, நிலத்தை விற்காதீர்கள். இத்தகைய இடங்கள் பலவற்றுக்குக் கட்டணம் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. முதுநிலைப் படிப்பு என்று வரும்போது விற்பதற்கு உங்களிடம் இன்னொரு நஞ்சை இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகள் நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பள்ளி நுண்ணோக்கியின் மீது கைப்பேசியை வைத்து, குளத்து நீரில் ஓடும் பரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிரியை நாற்பது நிமிடம் படம் பிடித்திருக்கிறாள். அதைக் காட்டியபோதுதான் வாய் திறந்தாள்.

நர்சிங், பார்மசி பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லிவிடும். நான் சொல்வது வேறு. உடம்புக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் நடமாடுவதை, அவை உயிரோடு இருக்கும்போதே பார்க்கும் துறை ஒன்று உண்டு. நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நிணநீர்க் கணுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் செல் இருக்கும் இடம் தெரியும், அது போகும் வழி தெரியாது. 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் வெளியிட்ட இரு ஃபோட்டான் நுண்ணோக்கி இந்தத் தடையை நீக்கியது. அகச்சிவப்பு ஒளி திசுவில் அதிகம் சிதறுவதில்லை. இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒரே நேரத்தில் சேர்ந்து படும் குவிபுள்ளியில் மட்டுமே செல் ஒளிர்வதால் சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது. 2002இல் கலிபோர்னியாவின் அர்வைனில் மில்லர், பார்க்கர், கஹலன் குழுவினர் எலியின் நிணநீர்க் கணுவை எடுத்து உயிருடன் வைத்துப் பார்த்தபோது, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் நிமிடத்துக்குச் சுமார் பதினொரு மைக்ரான், அதாவது ஏறக்குறைய தம் உடல் நீள அளவு, கால்போன போக்கில் அலைந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டே மயக்க மருந்து கொடுத்த எலியின் உடலுக்குள்ளேயே அதைக் கண்டார்கள். எலி மூச்சு விடும்போதெல்லாம் படம் ஆடும். அந்த ஆட்டத்தைக் கழித்து ஒவ்வொரு செல்லின் தடத்தையும் கணினியில் வரைய வேண்டும். பொறுமையோடு நிரல் எழுதவும் தெரிந்தவர்களுக்கே இந்த வேலை பிடிக்கும்.

இதற்கு வாசல், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த) படிப்பு, திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியலோடு கணிதமும் சம அளவில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காத உங்கள் மகள் அதை இன்றே தொடங்க வேண்டும். அந்த மருத்துவ இடத்தின் ஓராண்டுக் கட்டணத்துக்குள் இங்கே விடுதியோடு ஐந்தாண்டும் முடிந்துவிடும்.

சம்பளத்தைப் பற்றி ஏமாற்ற மாட்டேன். பிஎச்.டி. முடிய மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை கையில் வருவது உதவித்தொகைதான். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கல்யாணப் பேச்சை அதுவரை பெரியப்பா தள்ளிவைக்கட்டும்.

பெரும்பாலான சோதனைகளின் முடிவில் அந்த எலியைக் கொன்றுவிடுவார்கள். இதைத் தாங்க முடியுமா என்று அவளிடம் நீங்கள் தனியாகக் கேளுங்கள். பதிலை அவளே சொல்லட்டும்.