‘ஆர்கானிக்’ கீரை: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வாசலுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு காய்கறி வேன் வருகிறது. ‘செங்கல்பட்டுப் பக்கம் சொந்தத் தோட்டம், ஆர்கானிக்’ என்கிறார்கள். அரைக்கீரை கட்டு 45 ரூபாய், கடைத்தெருவில் 20தான். ‘இலையில ஓட்டை இருக்கு பாருங்க, மருந்தே அடிக்கல’ என்று காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஓட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூச்சி கடித்த பிறகு மருந்து அடித்தாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துக் கவனமாக வளர்க்கிறவரின் கீரை ஓட்டையே இல்லாமலும் வரும்.

பாக்கெட்டில் விற்றால், ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ இருக்கிறதா என்றும், 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பிஜிஎஸ் கிரீன்’ (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் சான்று) என்று மட்டும் இருந்தால், அந்த நிலம் இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முத்திரை இல்லாததாலேயே ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக உங்களிடம் விற்றால் சான்றிதழ் தேவையில்லை என்று ஆர்கானிக் உணவுக்கான 2017 விதிமுறைகள் விலக்கு தருகின்றன. வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதனால் விற்பவர் விவசாயியா, வியாபாரியா என்பதுதான் முதல் கேள்வி. கூடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். செங்கல்பட்டுத் தோட்டம் என்று சொல்லிவிட்டு மே மாதத்தில் கேரட்டும் முட்டைக்கோஸும் அடுக்கியிருந்தால், அது பெரும்பாலும் மலையிலிருந்து சந்தை வழியாக வந்த சரக்கு. எந்த ஊர், எப்போது அறுத்தது, என்ன தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். கழிவுநீர் பாய்ந்த கீரையில் கன உலோகங்கள் இலைக்குள்ளேயே ஏறிவிடலாம், எத்தனை முறை கழுவினாலும் அது போகாது.

சத்தைப் பொறுத்தவரை ஆர்கானிக்குக்கும் சாதாரணக் காய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் காசுக்குக் கிடைப்பது பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதுதான். அதனால் இலையோடு அப்படியே வயிற்றுக்குள் போகும் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, கீரை வகைகளுக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். தோல் சீவும் பூசணிக்கும் வாழைக்காய்க்கும் தேவையில்லை. வாடிப்போன 45 ரூபாய்க் கட்டையும் காலையில் அறுத்த 20 ரூபாய்க் கட்டையும் பக்கத்தில் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கீரை வாட வாட வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: கீரையின் சத்து போகாமல் எப்படிச் சமைப்பது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் கழுவுங்கள், அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிய பிறகு ஊறவைத்தால் சத்து தண்ணீரோடு போய்விடும். ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுவது நல்லது. குறைந்த தண்ணீரில் வேகவைத்து, வடித்த தண்ணீரை ரசத்தில் சேர்த்துவிடலாம். முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காயும் எண்ணெயும் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. அதிலுள்ள, வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினை உடம்பு ஏற்கக் கொழுப்பு வேண்டும். இரும்புச் சத்து சேர, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம், இரும்புச் சத்து சேர்வதை அவை தடுக்கும். மிச்சக் கட்டைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். பருத்தித் துணி போதும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒருவர் ‘ஆர்கானிக்’ முருங்கைக்கீரைப் பொடி விற்கிறார், சர்க்கரை குணமாகும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார்.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் பில்லையும் பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம், அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று தினம் பொடி கலந்து கொடுக்கவும் வேண்டாம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடட்டும். கீரையின் அளவை மாற்றுவதானால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.