படகில் காட்டும் கை மொழியாகுமா?

ஐயா,

விசைப்படகில் என்ஜின் சத்தத்துக்கு வாய்ப்பேச்சு எடுபடாது. படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்பவர் கையைக் காட்டுவார், சுக்கான் பிடிப்பவர் புரிந்துகொள்வார். என் அக்கா மகனுக்கு 3 வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவனோடும் அப்படித்தான் சமாளிக்கிறோம். இதுதானே சைகை மொழி? கையைப் பழக்கினால் பேச்சு வராது என்று ஒரு டீச்சர் சொன்னதிலிருந்து அக்காவுக்குப் பயம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நீங்கள் படகில் காட்டுவது சமிக்ஞை. 'நிறுத்து', 'இழு' என்பதற்கு அது போதும். 'நேற்று வலை கிழியாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கடலுக்குப் போயிருப்போம்' என்று அதில் சொல்லிப் பாருங்கள், முடியாது. இந்திய சைகை மொழியில் முடியும், அதற்கு இலக்கணம் இருக்கிறது.

காலம் முதலில் வரும், கேள்விச்சொல் கடைசியில். வேற்றுமை உருபின் வேலையைத் திசை செய்யும். இடப்பக்கம் மண்டபத்துக்காரர், வலப்பக்கம் பாம்பன்காரர் என்று காற்றில் ஒருமுறை இடம் குறித்துவிட்டால், பிறகு பெயரே வேண்டாம். 'கொடு' என்ற கை இடமிருந்து வலம் போனால் இவர் அவருக்குக் கொடுத்தார். திருப்பினால் பொருளும் திரும்பிவிடும். புருவம் ஏறினால் அது ஆமாம்-இல்லை கேள்வி. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் பாதி இலக்கணம் போச்சு.

டீச்சர் சொன்னது பழைய பயம். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. சைகை பேச்சைத் தடுக்காது. 5 வயதுக்குள் எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து. காது மிஷின் வைத்தாலும் சைகையை நிறுத்த வேண்டாம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான் என்றும் நம்பியிருக்காதீர்கள்: 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் மூடும்.

வீட்டில் பெரும்பாலும் தவறுவது ஒரு இடத்தில்தான். பையன் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பான், அம்மா பக்கத்தில் 'மீன்' என்று சைகை காட்டுவார். அவனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. அவன் நிமிரும்வரை பொறுங்கள், அல்லது மீனுக்குப் பக்கத்திலேயே அவன் பார்வைக்குள் கையைக் கொண்டுபோங்கள். தமிழ் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே சொல்லுக்கொரு சைகை போடாதீர்கள், இரண்டும் கெடும்.

எங்கே கற்பது? கடையில் விற்கும் ஏ, பி, சி கைப்படம் மொழியல்ல, பெயர் எழுத்துக்கூட்டத்தான் உதவும். 'சைன் லேர்ன்' செயலியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன, ஆனால் அகராதியைப் படித்து யாரும் பேசக் கற்றதில்லை. ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆரம்பநிலைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். அதைவிட முக்கியம், சரளமாகச் சைகை பேசும் காது கேளாத பெரியவர் ஒருவரோடு வாரம் சில மணி நேரமாவது பையன் இருக்கட்டும், அக்காவும் கூட இருக்கட்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவனோடு பேசாதீர்கள், பின்னால் அடிக்கும் வெளிச்சத்தில் உங்கள் முகம் கறுத்துப் போகும். அவனைக் கூப்பிட, படகுப் பலகையில் காலைத் தட்டினால் அதிர்வு போய்ச் சேரும். மணலில் சேராது, போய்த் தோளைத் தொடுங்கள்.